நாட்டுப்படகில் ஹைப்ரிட் மோட்டார்: எங்கெல்லாம் சறுக்கும்?

பாம்பன், மண்டபம் பக்கத்து நாட்டுப்படகில் டீசல் இன்ஜினோடு மின்மோட்டாரையும் சேர்ப்பதென்றால், கார் கணக்கை அப்படியே எடுத்து வைப்பதுதான் முதல் தவறு. காருக்கு மோட்டாரின் முழு பலம் சில விநாடிகளுக்குத்தான் தேவை. பிரேக் பிடித்தால் கொஞ்சம் மின்சாரம் திரும்பியும் வரும். படகில் அந்த இரண்டுமே கிடையாது. கச்சான் காற்றை எதிர்த்துக் கரை திரும்பும்போது மணிக்கணக்கில் ஒரே சுமைதான். ஆகவே உச்ச கிலோவாட்டை நம்பாதீர்கள். தொடர்ந்து எவ்வளவு தாங்கும், எத்தனை டிகிரி சூட்டில் தாங்கும் என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

டீசலுக்குச் சமமான மோட்டார் வாங்குவதும் வீண். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் பவர் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். முழு வேகத்தில் 10 கிலோவாட் கேட்கும் படகுக்குப் பாதி வேகத்தில் 1.25 போதும். வலை விடவும், துறைக்குள் மெல்ல நுழையவும் மோட்டார், மற்றதற்கு டீசல்.

பலர் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. நிரந்தரக் காந்த மோட்டாரை இன்ஜின் ஷாஃப்டோடு (சுழல்தண்டோடு) நேராகக் கோர்த்துவிட்டால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை அணைத்தாலும் அது ஜெனரேட்டராக ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 50 வோல்ட் எழுப்பும் மோட்டாரை டீசல் 3,000 சுற்றில் சுழற்றினால் 100 வோல்ட் வரும். அந்த நேரம் பார்த்து, பேட்டரி நிரம்பிவிட்டது என்று பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) இணைப்பைத் துண்டித்தால், அவ்வளவு மின்சாரத்துக்கும் போக்கிடம் இல்லை. கன்ட்ரோலருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டும், மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரும் வெடித்துவிடலாம். நடுவில் கிளட்ச் வையுங்கள். முடியாவிட்டால், டீசலின் உச்சச் சுற்றிலும் கன்ட்ரோலரின் வோல்ட் எல்லையைத் தாண்டாத மோட்டாராகத் தேர்ந்தெடுங்கள்.

பாக் நீரிணையில் கடல்புல்லும் கிழிந்த வலையும் புரொப்பல்லரில் சுற்றுவது புதிதல்ல. டீசல் இன்ஜினாக இருந்தால் திணறி நின்றுவிடும். மோட்டாரோ நின்ற நிலையிலும் கரண்ட் இழுக்கும், அதுவும் பெரும்பாலும் ஓரிரு சுருள்கள் வழியாகவே. வெப்ப சென்சார் வேறு சுருளில் இருந்தால் புகை வந்த பிறகுதான் விஷயம் தெரியும். சுற்று பூஜ்யமாகி ஓரிரு விநாடி ஆனாலே கரண்டைக் குறைக்கும்படி கன்ட்ரோலரில் அமைத்துவிடுங்கள்.

48 வோல்ட் பேட்டரியில் 10 கிலோவாட் என்றால் 200 ஆம்பியருக்கு மேல். உப்புக் காற்றில் லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் செம்பு இணைப்பு) பச்சை பூத்துவிட்டால் அந்தக் கரண்டுக்கு அதுவே அடுப்பு. 96 வோல்ட்டுக்குப் போனால் கரண்ட் பாதி, அதே வயரில் சூடு கால்பங்கு. ஆனால் 60 வோல்ட் டிசியைத் தாண்டினால் கை படாதபடி முழுக் காப்பு அவசியம், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கன்ட்ரோலர் பெட்டியில் ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி) என்று எழுதியிருந்தால் போதும் என்பவர்களும் உண்டு. அது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் மூழ்கவைத்துப் பார்த்த சோதனை. உப்பு அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி, வயர் நுழையும் இடுக்கு வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். வயரைக் கீழ்ப்பக்கமாக நுழையுங்கள். சர்க்யூட் போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுங்கள். பேட்டரி நெகட்டிவை ஷாஃப்டோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் கசியும் கரண்ட் ஷாஃப்டையும் புரொப்பல்லரையும் அரிக்கும்.

கடலுக்குப் போகுமுன் படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டி, ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். ஓடும்போதே வெப்பமானித் துப்பாக்கியை ஒவ்வொரு லக்கிலும் காட்டுங்கள். பக்கத்து லக்கைவிட அதிகம் சுடுகிற லக்கை வெட்டிப் புதிதாக அழுத்துங்கள்.