ஏ40 ஸ்ரியரிங் ஆட்டம்: பெட்டியில கை வைக்க முதல்

வாகனம் ஓடத் தகுதியோ எண்டு பாக்கிற பிட்னஸில எங்கட ஒஸ்ரின் ஏ40 காரைத் திருப்பி விட்டிட்டினம், ஸ்ரியரிங் ஆடுதாம். கனபேர் உடன ஸ்ரியரிங் பெட்டியை, அதாவது ஸ்ரியரிங் சுத்திறதைச் சில்லுப் பக்கம் கடத்திற கியர்ப் பெட்டியை, இறுக்கச் சொல்லுவினம். எனக்கு அதில விருப்பமில்லை. பெட்டி நடுவிலதான், நேர ஓடேக்க நிக்கிற இடத்திலதான், கூடத் தேயும். நடுவுக்கு இறுக்கினால் முழுசா வெட்டேக்க இறுகும்.

சில்லு நிலத்தில நிக்க, மச்சான் ஸ்ரியரிங்கை மெல்ல ஆட்டினான். நான் கீழ படுத்து மூட்டு மூட்டாக் கை வச்சன். இடப்பக்க ரை ரொட் எண்டில (சில்லைத் திருப்புற தண்டின்ர நுனி மூட்டு) ‘டொக்’ எண்டு விரலில அடிச்சுது. பிறகு ஜாக்கி போட்டு, சில்லை மேலையும் கீழையும் பிடிச்சு அசைச்சன். ஆட்டம். பிரேக்கை மிதிக்க நிண்டிட்டுது, அப்ப சில்லு சுழலுற பெயாரிங்தான் பிழை. மிதிச்சும் ஆடினால்தான் கிங் பின், சில்லு இடம் வலம் திரும்புற அச்சாணி.

ரை ரொட் எண்டையும் பெயாரிங்கையும் மாத்தினம். சாமான் எடுக்கிறதுதான் பெரும்பாடு! ரை ரொட் எண்டைக் கழட்ட முதல் வெளியில தெரிஞ்ச புரியை எண்ணி வையுங்கோ, புதுசையும் அதே அளவுக்குப் பூட்டலாம். அப்பிடியெண்டாலும் சில்லு நேரா நிக்குதோ எண்டு அலைன்மென்ற் பார்க்கத்தான் வேணும்.