லோன் கிடைக்கலையா? காடிக்குக் கட்டிய புக்கிங் பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கடையில் பழைய காடி (கார்) பார்த்தோம். விலை 38,000 வெள்ளி (ரிங்கிட்). புக்கிங் என்று 2,000 வெள்ளி கட்டினோம். மூன்று வாரம் கழித்து, பேங்க் லோன் கொடுக்கவில்லை என்று சேதி வந்தது. பணத்தைக் கேட்டால் சேல்ஸ்மேன், "அக்கா, பேங்க்தானே கொடுக்கல, நாங்க என்ன பண்றது? ரசீதைப் பாருங்க" என்றார். ரசீதின் அடியில், ஊதா முத்திரைக்குப் பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி மலாயில் ஒரு வரி: பணம் திருப்பித் தரப்படாது.

ஆனாலும் கடைசியில் இரண்டாயிரமும் கைக்கு வந்தது. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கணக்குப் போடுங்கள். ஹயர் பர்ச்சேஸ் (தவணை முறையில் வாங்குவது) சட்டப்படி புக்கிங் பணம் காடியின் ரொக்க விலையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 38,000க்கு வெறும் 380 வெள்ளி! நாங்கள் கட்டியது ஐந்து மடங்குக்கு மேல். லோன் போக நாம் கையிலிருந்து கட்டும் 10 விழுக்காடு முன்பணம் என்பது வேறு சங்கதி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரசீதில் அச்சடித்துவிட்டதால் ஒரு வரி சட்டமாகிவிடாது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்க பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2. லோன் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேல்ஸ்மேன் வாய்ச்சொல் போதாது, பேங்கிடமே கேளுங்கள்.

3. பணத்தைக் கேட்டு, ஒரு தேதியும் குறித்து, வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். போனில் பேசவே பேசாதீர்கள். அவர்கள் கூப்பிட்டால், வைத்த கையோடு "இப்போது நீங்கள் சொன்னது இதுதானே" என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

4. தேதி தாண்டிவிட்டதா? மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆன்லைனிலும் பதியலாம், ஆனால் முதல் முறை என்றால் கவுண்டருக்கே போங்கள். பாரத்தில் (படிவத்தில்) உள்ள தப்பை அங்கேயே காட்டிக்கொடுப்பார்கள்.

என் தப்பு அங்கேதான் தெரிந்தது. எதிர்த்தரப்பு என்ற இடத்தில் கடை போர்டில் இருந்த பெயரை எழுதியிருந்தேன். கவுண்டர் அதிகாரி ரசீதின் தலைப்பைச் சுட்டிக்காட்டினார். போர்டில் ஒரு பெயர், ரசீதில் 'செண்டிரியான் பெர்ஹாட்' (பிரைவேட் லிமிடெட் மாதிரி) என்று முடியும் வேறொரு பெயர். போர்டு பெயரில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை! அதன் மேல் தீர்ப்பு வாங்கி யாரிடம் போய் வசூலிப்பது? வீட்டுக்கு வந்து, கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம் இணையத்தளத்தில் ரசீதில் இருந்த பதிவு எண்ணைப் போட்டுத் தேடினேன். சரியான பெயரும் முகவரியும் கிடைத்தன. பாரம் 1ஐ மறுபடி எழுதினேன். இந்த ஒரு வேலையை நீங்கள் முதல் நாளே முடித்துவிடுங்கள்.

5. விசாரணைக்கு ரசீது, பேங்க் கடிதம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்து மூன்று செட் கொண்டுபோங்கள். போனை நீட்டிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. பாதியில் சார்ஜ் போனால் என்ன செய்வீர்கள்? எங்கள் விஷயத்தில் கடைக்காரர் உள்ளே போவதற்கு முன்பே பணத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அப்படி நடந்தாலும் வெளியிலேயே கைகுலுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். மன்றத் தலைவர் முன்னால் சொல்லித் தீர்ப்பாகப் பதிய வையுங்கள். அப்படிப் பதிந்த தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

பின்சேர்க்கை: பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு தங்கை கேட்டார், பணத்தை சேல்ஸ்மேனின் சொந்தக் கணக்கில் போட்டுவிட்டாராம். பதறாதீர்கள் தங்கச்சி. பணம் அனுப்பிய பேங்க் சீட்டோடு, "இந்தக் கணக்கில் போடுங்க" என்று அவர் எழுதிய வாட்ஸ்அப்பையும் சேர்த்து வையுங்கள், கம்பெனி பெயரிலேயே கோரிக்கை போடுங்கள். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால், பாரத்தோடு பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய்க் கேளுங்கள்.