ஊட்டி ரயில் பயணம், மூன்று நாள் ரீல்ஸ் இல்லாமல்: முதல்முறை முயல்பவர்களுக்கு

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை எடுத்த வீடியோக்கள் இன்னும் போனில் இருக்கின்றன. ஆனால் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்ற நேரம் முழுக்க, ஒரு வீடியோவை ஏற்றுவதற்காகப் பிளாட்பாரத்தில் சிக்னல் தேடி நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அதை நினைத்து நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

அதனால் இரண்டாவது முறை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் மூன்றும் இல்லாமல் கிளம்பினேன். என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் போவது வேறு ஊராக இருந்தாலும் இது பொருந்தும்.

படி 1: எதை விடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. டிக்கெட், பணம், வங்கி ஓடிபி, வீட்டுக்குப் பேசுவது எல்லாமே அதில்தான் இருக்கிறது. விட வேண்டியது, விரலால் தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருக்கும் ஆப்களை மட்டும்தான். அவற்றின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் தடவைக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

படி 2: கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆப்களை நீக்குங்கள்

ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. திரும்ப இன்ஸ்டால் செய்து உள்ளே போனால் படங்கள், நண்பர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் யூடியூபையோ ஃபேஸ்புக்கையோ நீக்க முடியாது. அப்போது செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் 'டிஸேபிள்' கொடுங்கள். குரோமிலும் லாகவுட் செய்துவிடுங்கள். நான் இதை மறந்துவிட்டதால் முதல் நாளே அந்த வழியாக உள்ளே போய்விட்டேன்.

போனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஆப்களுக்கு நேர வரம்பு வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நம் கையால் வைத்த வரம்பை நம் கையாலேயே நொடியில் எடுத்துவிடலாம். நீக்கிவிடுவதுதான் சரி என்பேன்.

வாட்ஸ்அப்பை நீக்க வேண்டாம். குரூப்களை மட்டும் ஒரு வாரத்துக்கு மியூட் செய்யுங்கள். ஸ்டேட்டஸ் பக்கம் போகாதீர்கள். அப்புறம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அவசரம்னா கூப்பிடுங்க, மெசேஜ் போட்டா பார்க்க மாட்டேன்." எங்கள் அம்மா இதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நினைத்தேன். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு, அது போதும்" என்றார்.

படி 3: போன் செய்துவந்த வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள்

மணி பார்க்கத்தான் போனை எடுப்போம், அரை மணி நேரம் போய்விடும். அதனால் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட்டைத் தாளில் அச்சிட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள். போகும் ஊரின் வரைபடத்தைக் கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும்போது டீக்கடைக்காரரைக் காக்க வைக்க வேண்டாம், கையில் சில்லறை இருக்கட்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் இந்த ரயிலை ரத்து செய்வதுண்டு. அதையும் கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஏறி உட்கார்ந்ததும் போனைப் பையின் அடியில் போடுங்கள்

சட்டைப்பையிலோ மடியிலோ வேண்டாம். எடுக்க வேண்டுமானால் துணியை எல்லாம் கலைக்க வேண்டும் என்ற அளவுக்கு அடியில் இருக்கட்டும்.

இந்த ரயில் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் சத்தம் மாறும். தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. இன்ஜின் தன் பல்சக்கரங்களால் அவற்றைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. முதல் பயணத்தில் இந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, காதில் இயர்போன் இருந்தது.

குன்னூர் வரைக்கும் நீராவி இன்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது. அதனால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் சின்னத் திண்ணை மாதிரி ஓர் இடம், அதில் பிரேக் போடும் ஊழியர், பிரேக்ஸ்மேன், ஒருவர். முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். இரும்பு வளையத்தைப் பிடித்த அவர் கையை வளைவுகளில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முகம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் போட்ட பாதை இது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அந்தக் கையைப் பார்த்தது இப்போதுதான்.

எதிர் சீட்டில் ஒரு பையன் குகைகளை எண்ணிக்கொண்டு வந்தான். மொத்தம் 16 என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருட்டு வந்ததும் பெட்டி முழுக்கக் கத்தும், இவன் மட்டும் விரல் மடக்குவான். "அக்கா, இது எட்டா ஒன்பதா?" என்று என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து விட்ட இடத்தில் இருந்து எண்ணினோம். ஹில்குரோவில் இறங்கி டீ குடித்தோம். குரங்குகள் பயம் இருந்ததால் அவன் வடையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தின்றான்.

அந்த நேரத்தில்தான் ஒன்று கவனித்தேன். இதற்கு என்ன கேப்ஷன் போடலாம் என்று மனசு யோசிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் யாருக்கோ காட்டுவதற்காகப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு களைப்பு என்பது, அது நின்ற பிறகுதான் புரிகிறது. வேறு எங்கேயாவது இருந்திருக்கலாமே என்ற நினைப்பும் வரவில்லை. எனக்கு நிறைவு என்பது இதுதான்.

படி 5: கை தேடும் நேரத்துக்குத் தயாராக இருங்கள்

ரயிலில் எளிது. முதல் நாள் சாயங்காலம் அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும்தான் கஷ்டம். கை தானாகப் போனைத் தேடும். யாரோ நம்மைத் தேடுகிற மாதிரி, எதையோ தவறவிடுகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், எனக்கு அது இருபது நிமிடம்கூட நீடிக்கவில்லை. அறையை விட்டு வெளியே வாருங்கள், ஒரு நடை போங்கள். வழக்கமாகப் போன் வைக்கும் சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்து, கை உள்ளே போகும்போதெல்லாம் அன்று பார்த்ததில் ஒரு வரி எழுதுங்கள். 'கேத்தி, பச்சையில் கட்டம் கட்டமாகக் காய்கறித் தோட்டம்' என்று நான் எழுதியதைப் படித்தால் இப்போதும் அந்தப் பள்ளத்தாக்கு முழுதாகக் கண்ணுக்கு வருகிறது.

படி 6: படம் எடுக்கலாம், எண்ணி எடுங்கள்

அந்தக் காலத்து ஃபிலிம் ரோலில் 36 படங்கள்தான். மூன்று நாளுக்கும் சேர்த்து அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டேன். 29தான் எடுத்தேன்.

படி 7: திரும்பியதும் உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள்

ஒரு நாள் பொறுங்கள். அதற்குள் ஒருவரிடமாவது பயணத்தை வாயால் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். குகை எண்ணிய பையன், சட்டைக்குள் ஒளிந்த வடை, கொடி பிடித்தவர் எல்லாம். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மழை பெஞ்சாலும் அவர் வெளியவேதான் நிப்பாரா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.