பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா? வீட்டிலேயே வாசிப்பு நிலையைப் பார்க்கும் முறை

ஒன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை பாடப்புத்தகத்தைத் திறந்து கடகடவென்று சொல்கிறது. படிக்க வந்துவிட்டது என்று வீட்டில் நிம்மதி. மூன்றாம் வகுப்பில் பார்க்காத பாடம் ஒன்று வந்ததும் திணறுகிறது. வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட பாடம் காதில் ஏறிவிடும்; கண் எழுத்தில் இல்லாமலே வாய் சொல்லிவிடும். அதனால் வாசிப்பைப் பார்க்க நினைத்தால் முதலில் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள்.

கீழே உள்ள முறை 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கானது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் அசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நான்கு படிகள் உண்டு. அந்த அடுக்கையே எடுத்துக்கொண்டு, தமிழ் எழுத்தில் பிள்ளைகள் இடறும் இடங்களையும், வேலூர்ப் பக்கத்துப் பேச்சையும் கணக்கில் சேர்த்திருக்கிறோம். எந்தப் படி என்பதைவிட எந்த இடத்தில் இடறுகிறது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

தேவையானவை

நான்கு வெள்ளைத் தாள்கள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, உங்களுக்கு ஒரு நோட்டு, பென்சில். எழுத்துத் தாளில் ஒவ்வோர் எழுத்தும் 2 செ.மீ. உயரம் இருக்கட்டும், பத்தியும் கதையும் 1 செ.மீ. போதும். கோடு போடாத தாளில், சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி விட்டு எழுதுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி எழுதித் தந்தால் ஒருமுறை சரிபாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் லை, ணை, னை, றா, ணா, னா ஆகியவற்றைப் பழைய சுழி வடிவில் எழுதுவார்கள். பிள்ளை அந்த வடிவத்தைப் பார்த்தே இருக்காது.

தாள் 1, எழுத்து. முதல் வரிசை: ப, ம, ட, க, வ, ர, ல, த, ய, ன. இரண்டாம் வரிசை: கா, மி, நீ, டு, பூ, தெ, வே, லை, கொ, சோ.

தாள் 2, சொல். முதல் வரிசை: படம், மரம், கல், நகம், பட்டம். இரண்டாம் வரிசை: பாடம், விடு, வீடு, கொடு, கோடு. மூன்றாம் வரிசையில் பொருளே இல்லாத மூன்று சொற்கள்: மோடபு, தெலூகி, சகுடை.

தாள் 3, பத்தி:

இது எங்கள் ஊர்.
ஊரின் அருகே ஆறு இருக்கிறது.
ஆற்றில் மணல் நிறைய உண்டு.
மழை வந்தால் தண்ணீர் ஓடும்.

தாள் 4, கதை:

வள்ளி ஆட்டுக்குட்டி ஒன்றை வளர்த்தாள். அதன் பெயர் கருப்பி. ஒரு நாள் மாலை கருப்பியைக் காணவில்லை. வள்ளி தெருவெல்லாம் தேடினாள். பாட்டி கிணற்றடியில் பார்த்தார். அப்பா தோட்டத்துக்குப் போனார். அங்கே கத்தரிச் செடிகளில் இலையே இல்லை. செடிகளின் நடுவே கருப்பி தூங்கிக் கொண்டிருந்தது.

இந்த நான்கையும் உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். குறி போடுவது அதில்தான். பிள்ளை பார்க்கும் தாளில் எந்தக் குறியும் விழக்கூடாது.

எப்போது, எப்படி உட்காருவது

விடுமுறை நாள் காலை, சாப்பிட்ட பிறகு. பள்ளி விட்டு வந்த களைப்பில், விளையாடப் போகும் அவசரத்தில் வேண்டாம். டிவி அணைந்திருக்கட்டும். அண்ணனோ அக்காளோ பக்கத்தில் இருந்தால் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கால் மணி நேரம் கடைக்கு அனுப்புங்கள். எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். பரீட்சை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. "இதை எனக்குப் படிச்சுக் காட்டுறியா கண்ணு?" போதும். குரலைப் பதிவு செய்ய நினைத்தால் போனைப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்தால் பிள்ளைக்குக் குரலே எழும்பாது.

படி 1: பத்தியிலிருந்து தொடங்குங்கள்

அ, ஆ-விலிருந்து தொடங்குவதுதான் பழக்கம். ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அது சலிப்பு, தெரியாத பிள்ளைக்கோ தொடக்கத்திலேயே சோர்வு. நடுவிலிருந்து தொடங்கினால் மேலே போவதா, கீழே இறங்குவதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தாள் 3-ஐக் கொடுங்கள். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் அந்தச் சொல்லை நீங்களே மெதுவாகச் சொல்லிவிட்டு, "மேலே படி" என்று விடுங்கள். "தப்பு" என்று சொல்லாதீர்கள், முகத்தையும் மாற்றாதீர்கள்.

நோட்டில் குறி இப்படி: சரியான சொல்லுக்கு எதுவும் வேண்டாம். மாற்றிப் படித்தால் பிள்ளை சொன்னதை அந்தச் சொல்லின் மேலேயே அப்படியே எழுதுங்கள். விட்டுவிட்டால் வட்டம். நீங்கள் சொல்லிக் கொடுத்தால் ஒரு சின்னக் கோடு. தானே திருத்திக்கொண்டால் பக்கத்தில் 'தி'. அதைத் தவறாகக் கணக்கிடாதீர்கள், நல்ல அறிகுறி அது.

மூன்று தவறுக்குள், சொற்களைச் சேர்த்து வாக்கியமாகப் படித்தால் தாள் 4-க்குப் போங்கள். மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு மேல் தவறு வந்தாலோ, ஒவ்வொரு சொல்லாக அறுத்து அறுத்துப் படித்தாலோ தாள் 2-க்கு இறங்குங்கள்.

எது தவறு, எது தவறில்லை

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்கிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் படிக்கத் தெரியாத பிள்ளையாக்கிவிடுவோம்.

தாளில் "இருக்கிறது" என்று இருக்க, பிள்ளை "இருக்குது" என்றோ "கீது" என்றோ சொன்னால் அது சரி. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறது. "தண்ணீர்" தண்ணியாகலாம், "வந்தால்" வந்தாவாகலாம், "வீடு" வூடாகலாம், "கொடு" குடுவாகலாம். "மழை" என்பதை மயை என்றோ மளை என்றோ சொன்னால் அது உச்சரிப்புப் பழக்கம், வாசிப்புத் தவறு ஆகாது. ழ, ள, ல வேறுபாட்டைத் தனியாக இன்னொரு நாள் பழக்கலாம்.

மாறாக, "மணல்" என்ற இடத்தில் "மரம்" என்று சொன்னால் தவறு. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்திருக்கிறது. "ஆற்றில்" என்பதை "ஆறு" என்று நிறுத்தினால் அதுவும் தவறு. சொல்லின் வால் வரை கண் போகவில்லை. தமிழில் வேற்றுமையும் காலமும் எதிர்மறையும் வாலில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்த வகைத் தவறு வந்தால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளிலும், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்து உருது வீடுகளிலும் பிள்ளை கேள்விக்கு வீட்டு மொழியில் பதில் சொன்னால் முழு மதிப்பு கொடுங்கள். பார்ப்பது புரிதலை, தமிழ்ப் பேச்சை வேறொரு நாள் பார்க்கலாம். உருது, அரபு எழுத்தும் கற்கும் சின்னப் பிள்ளை சில நேரம் வரியை வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். குறை ஒன்றுமில்லை, தொடங்கும் இடத்தை விரலால் காட்டினால் போதும்.

படி 2: கதையும் மூன்று கேள்விகளும்

கதையில் 31 சொற்கள். இங்கேயும் மூன்று தவறுக்குள் என்பதுதான் அளவு. படித்து முடித்ததும் தாளைப் பிள்ளையிடமே விட்டுவிட்டுக் கேளுங்கள்:

பாட்டி எங்கே தேடினார்?
கத்தரி இலை என்ன ஆயிற்று?
அப்பா அப்புறம் என்ன செய்திருப்பார்?

முதல் கேள்விக்கான விடை தாளிலேயே இருக்கிறது. இரண்டாவதன் விடை எந்த வரியிலும் இல்லை. ஆடு தின்றது என்று பிள்ளைதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்குப் பொருந்துகிற எந்தப் பதிலும் சரி. சரளமாகப் படித்துவிட்டு இரண்டாவதில் விழிக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு இன்னும் வேகமாகப் படிக்கப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. தினமும் ஒரு கதையைச் சொல்லி, நடுவில் நிறுத்தி, "ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று பேச வேண்டும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்குப் போட்ட அட்டவணைகளை இங்கே பொருத்தாதீர்கள். "தோட்டத்துக்குப்" என்ற ஒரே சொல்லில் எட்டு எழுத்து. நேரம் பார்ப்பதானால் அதே பிள்ளையின் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 3: சொல் தாள்

முதல் இரண்டு வரிசைகளில் ஏதாவது ஐந்து சொற்களைப் பிள்ளையே தேர்ந்து படிக்கட்டும். நான்கு சரியென்றால் சொல் நிலை வந்துவிட்டது. பிறகு விட்டுப்போனவற்றையும் கேளுங்கள், ஏனென்றால் காரணம் தெரிவது இங்கேதான்.

"கல்" என்பதைக் "கல" என்றும், "பட்டம்" என்பதைப் "படடம" என்றும் படித்தால் புள்ளியைக் கண் எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளியை மட்டும் சிவப்பு மையில் வைத்து எழுதித் தாருங்கள்.

படம், பாடம் இரண்டும் ஒன்றுபோல வந்தால் குறில் நெடில் குழப்பம். சிலருக்கு வேறு காரணம்: துணைக்காலையும் 'ர'-வையும் பிரித்தறியாமல் "பாடம்" என்பதைப் "பரடம்" என்பார்கள். கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் குற்றம் எழுதியவர் மேல்தான்.

"கொடு" என்பதைக் "கெ... கா... டு" என்று பிரித்தால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபடவில்லை. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் கண் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். இதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

"ப, ட, இம்" என்று ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்க்கச் சொன்னால் விழிக்கிறதா? மெய்யெழுத்தை இக், இங், இம் என்று பழக்கியதால் வரும் சிக்கல் இது. அந்த 'இ' சொல்லுக்குள் ஒட்டாது. "பட... ம்ம்" என்று நீங்கள் இழுத்துச் சொல்லிக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் பாதிச் சிரமம் இங்கேயே தீரும்.

மூன்றாம் வரிசையைக் காட்டும்போது, "இது ஒரு பூதத்தோட பேரு, எப்படிக் கூப்பிடுவே?" என்று கேளுங்கள். கேட்டிராத சொல்லை ஊகிக்க வழியில்லை. முதல் இரண்டு வரிசை சரளமாக வந்து இது மட்டும் வரவில்லை என்றால், பிள்ளை சொற்களைப் படம்போல மனப்பாடம் செய்திருக்கிறது. பேருந்துப் பலகையில் "காட்பாடி" என்று படிக்கும் நாலு வயதுப் பிள்ளையும் பெரும்பாலும் இப்படித்தான். வெள்ளைத் தாளில் காடு, பாடு, பாட்டி என்று எழுதிக் காட்டினால் தெரிந்துவிடும்.

படி 4: எழுத்துத் தாள்

சொல் வராத பிள்ளைக்கு மட்டும். வரிசையாகக் கேட்காமல் அங்கங்கே தொட்டுக் கேளுங்கள். வரிசையில் கேட்டால் பாட்டாக வந்துவிடும். ஐந்தில் நான்கு சரி என்பதே இங்கும் அளவு, இரண்டு வரிசைக்கும் தனித்தனியாக. 'ன'-வை "ரெண்டு சுழி ன" என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழில் 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். முதல் வரிசை தெரிந்து இரண்டாவது தடுமாறினால் கால், கொம்பு, விலங்கு ஆகிய குறிகள்தான் மீதி. அதில் கு, சு, டு, பு, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர வரிசைதான் கடினம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தும் வராவிட்டால் தாளை எடுத்து வைத்துவிட்டுக் காதைப் பாருங்கள். "பால், பாய், பூனை, இதுல எது வேற மாதிரி ஆரம்பிக்குது?" "'கத்தரி'ன்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லிக் கை தட்டு." இதெல்லாம் வருகிறது என்றால் எழுத்துக்குப் பிள்ளை தயார்.

பார்த்த பிறகு

நோட்டில் தேதி, வந்த படி, இடறிய இடம் என்று மூன்று வரி எழுதுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பார்கள். உங்கள் முடிவு அதோடு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆசிரியரிடம், "என் பையன் அரும்பா, மொட்டா?" என்று கேட்பதைவிட, "கொ, கோ வரிசையில் தடுமாறுகிறான், வகுப்பிலும் அப்படியா?" என்று கேட்டால் அவர் உடனே ஏதாவது செய்ய முடியும்.

தாளை முகத்தருகே கொண்டுபோனாலோ, தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ, வரி மாறி மாறிப் படித்தாலோ முதலில் கண்ணைச் சோதியுங்கள். அடிக்கடி "என்னா?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காதையும் பார்த்துவிடுவது நல்லது.

தவறு எண்ணிக்கையை வைத்துக் கதைப் புத்தகமும் தேர்ந்துகொள்ளலாம். நூறு சொல்லுக்கு ஐந்து தவறுக்குள் வந்தால் தனியாகப் படிக்கக் கொடுங்கள். பத்து வரை போனால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். அதற்கு மேல் என்றால் நீங்கள் படிக்க, பிள்ளை கேட்கட்டும்.

மறுபடி பார்ப்பதற்கு ஆறு வாரமாவது இடைவெளி விடுங்கள். அப்போது இதே பத்தியும் கதையும் உதவாது, நினைவில் இருக்கும். புதிதாக நீங்களே எழுதுங்கள்: பத்திக்கு நான்கு வாக்கியம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு சொல். கோட்டை, அகழி, சந்தை, திருவிழா என்று பிள்ளை கண்ணால் கண்ட பொருளாக இருக்கட்டும். கொடு, கோடு போல ஒகரமோ ஓகாரமோ வரும் ஒரு சொல்லும், ஒரு இரட்டித்த மெய்யும், வாலில் உருபு சேர்ந்த ஒரு சொல்லும் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.