நடுக்குரல் பாடத் தெரிந்தால் வேலை உண்டு: சென்னையில் ஜாஸ் குரல் குழுப் பாடகராக

ஜாஸ் குரல் குழுவில் சேர வருபவர்கள் பெரும்பாலும் தனிப்பாட்டுக்குத்தான் தயாராகி வருகிறார்கள். ஒரு பாட்டை மனப்பாடம் செய்து, மேல் ஸ்தாயியில் நீட்டிப் பாடிக் காட்டுவார்கள். குழுவுக்குத் தேவை அது இல்லை. நான்கு பேர் பாடும்போது மெட்டு ஒருவரிடம்தான் இருக்கும். நடுக்குரல்களான ஆல்டோவும் (பெண்களின் தாழ்ந்த குரல்) டெனரும் (ஆண்களின் உயர்ந்த குரல்) தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தெரியாத ஒரு வரியை, பக்கத்துக் குரல் உரச உரச, அசையாமல் பிடிக்க வேண்டும். நடுக்குரலை நம்பிக் கொடுக்க முடிகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதைப் பயின்றவருக்குக் குழுவிலும் இடம் உண்டு, சினிமா கோரஸிலும் அழைப்பு உண்டு.

முதலில் காது

1 கட்டையில் (கீபோர்டின் ‘சி’ ஷட்ஜம்) வைத்துச் சொல்கிறோம். நான்கு பேர் ஷட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், சதுஸ்ருதி தைவதம் நான்கையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறார்கள். கீழே டபுள் பேஸ் சதுஸ்ருதி ரிஷபம் வாசிக்கிறது. இது டி மைனர் நைன்த், ஜாஸில் அன்றாடம் வரும் கார்டு (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டு). காந்தாரமும் மத்யமமும் அரை ஸ்வர இடைவெளியில் ஒட்டி நிற்பதுதான் இதன் அழகு, ஆபத்தும் அதுவே. சங்கராபரணத்தின் மத்யமத்தை அசைத்தே பாடிப் பழகியவர் இங்கேயும் தன்னை அறியாமல் அசைப்பார். அசைந்த நொடியில் காந்தாரக்காரர் தடுமாறுவார், கார்டு கலங்கிவிடும். ஒரே ஸ்வரத்தைக் கமகமும் இல்லாமல், வைப்ராட்டோவும் (குரல் நடுக்கம்) இல்லாமல், எட்டு விநாடி நேராகப் பிடிப்பதே முதல் பாடம்.

பயிற்சி எளிது, ஆனால் அலுப்பூட்டும். கீபோர்டில் காந்தாரத்தை அழுத்தியபடி ‘ஊ’ என்று மத்யமம் பாடுங்கள். இரண்டும் மோதி எழும் அதிர்வு காதில் துடிக்கும். அதைக் கண்டு விலகாமல் நில்லுங்கள். பிறகு இடம் மாற்றிப் பாடுங்கள். அதன் பின் கீபோர்டுக்குப் பதில் ஒரு நண்பரின் குரல். தினமும் பதினைந்து நிமிடம் போதும்.

இந்த நேரத்தில் ஸ்ருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். ஜாஸில் ஒரே பாட்டுக்குள் ஆதார ஸ்ருதியே இடம் மாறும். பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தால் காது பழைய ஷட்ஜத்துக்கே இழுக்கும். அதற்குப் பதில் 440 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அதன் ஒலி 6 கட்டை ஷட்ஜம். அதிலிருந்து உங்கள் முதல் ஸ்வரத்தை நீங்களே கணக்கிட்டு எடுக்கப் பழக வேண்டும்.

வாத்தியம் இல்லாமல் பாடும்போது மேஜர் கார்டின் காந்தாரத்தைப் பியானோவில் கேட்பதைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்) தாழ்த்தினால்தான் கார்டு பூட்டிக்கொண்டு நிற்கும். பியானோ கூட வாசித்தால் அந்தச் சலுகை கிடையாது, பியானோவோடுதான் போக வேண்டும். வாத்தியம் இல்லாத பாட்டு முடிவதற்குள் அரை ஸ்வரம் இறங்கிப்போவது எல்லாக் குழுவுக்கும் வரும் நோய். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் நடுக்குரல் மூச்சு குறையக் குறையத் தாழ்வது, அரை ஸ்வரமாக இறங்கும் இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிடுவது. பாட்டு முடிந்ததும் ஃபோர்க்கைத் தட்டிப் பாருங்கள். பிறகு நாலு வரிக்கு ஒருமுறை நிறுத்திச் சரிபார்த்தால் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்விங்

ஒரு அட்சரத்தைத் திஸ்ரமாக மூன்றாகப் பிரியுங்கள். ‘தகிட’வில் ‘தகி’ இரண்டும் சேர்ந்து முதல் ஸ்வரம், ‘ட’ மட்டும் இரண்டாவது. நடுத்தர வேகத்தில் ஸ்விங் என்ற ஜாஸின் ஊஞ்சல் நடை ஏறக்குறைய இதுதான். வேகம் நிமிடத்துக்கு 200 அட்சரத்தைத் தாண்டினால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அங்கே திஸ்ரத்தைப் பிடித்துத் தொங்கினால் நொண்டும்.

தாளம் போட்டுப் பழகிய கை முதல் அட்சரத்தில் தட்டும். ஜாஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். மெட்ரோனோமை (வேகத்துக்குத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60இல் வைத்து, ஒவ்வொரு தட்டையும் ‘இரண்டு’, ‘நான்கு’ என்று எண்ணிப் பாடினால் பாட்டு 120இல் ஓடும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். விடாமல் செய்யுங்கள்.

நோட்டேஷன் வாசிப்பது மட்டும் போதாது என்பதற்கு 1957இல் ஒலிப்பதிவான ‘சிங் எ சாங் ஆஃப் பேஸி’ ஆல்பமே சாட்சி. அமெரிக்க ஜாஸ் வாத்தியக் குழுவான கவுண்ட் பேஸி ஆர்கெஸ்ட்ராவின் இசைக்கு வார்த்தை போட்டுப் பாட கோரஸ் பாடகர்களை அமர்த்தினார்கள். அவர்களிடம் ஸ்விங் வரவில்லை. கடைசியில் டேவ் லாம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ், ஆனி ராஸ் என்ற மூன்று பாடகர்களுமே ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிப்பதிவு செய்து எல்லாக் குரலையும் பாடினார்கள். அதில் ஒரு பாட்டை எடுத்து, ஒரே ஒரு குரலை மட்டும் பின்தொடர்ந்து, அது எங்கே மூச்சு எடுக்கிறது, எந்த ஸ்வரத்தைச் சட்டென்று வெட்டுகிறது என்று எழுதிப் பாருங்கள். இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

சொல்லும் உயிரும்

நான்கு குரல் ஒன்றாக ஒலிப்பதற்கு ஸ்ருதியைவிட உயிரெழுத்துதான் முக்கியம் என்பது எங்கள் கணிப்பு. ‘நைட்’ என்ற சொல்லில் ‘ஆ’வைக் கடைசி வரை பிடித்து, முடியும்போது மட்டும் ‘ஈ’யைத் தொட வேண்டும்; ஒருவர் முன்கூட்டியே ‘ஈ’க்குப் போனால் கார்டே மாறியதுபோல் கேட்கும். ‘ஹார்ட்’ என்பதை ‘ஹார்ட்டு’ என்று முடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, ஒலிவாங்கி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை ஒருவர் மட்டும் உச்சரித்தால் போதும், மற்ற மூவரும் விட்டுவிடலாம். யார் என்பதைப் பிரதியிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.

எங்கே கற்பது, எப்படி ஒத்திகை பார்ப்பது

பாகம் பிரித்துப் பாடும் பழக்கத்துக்குச் சென்னையில் தேவாலய கொயர்கள் (பாடகர் குழுக்கள்) நல்ல தொடக்கம். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷனின் கொயர் இன்றும் இருக்கிறது. அண்ணா சாலை மியூசி மியூசிகலில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைத் தேர்வுகளுக்குத் தயாராகலாம். ஐந்தாம் கிரேடு தியரி அளவுக்கு வாசிக்கத் தெரிந்தால் ஒத்திகையில் திணற மாட்டீர்கள். முழுநேரப் படிப்பு வேண்டுமானால் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி உண்டு.

ஒத்திகை என்பது பாகத்தைக் கற்கும் இடம் அல்ல. மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருளில் உங்கள் வரியை இடது காதிலும் மற்ற மூன்றையும் வலது காதிலும் வைத்து ஒரு கோப்பு செய்துகொள்ளுங்கள். முதலில் இடதோடு பாடுங்கள். பிறகு இடதை எடுத்துவிட்டு வலதோடு மட்டும். இரண்டாவதில் விழாமல் நின்றால் ஒத்திகைக்குப் போகலாம். ஒத்திகையில் வழக்கமான வரிசையில் நிற்காமல், அரை ஸ்வரத்தில் உரசும் இரண்டு குரல்களைப் பக்கத்தில் நிறுத்துங்கள். உரசல் தாங்க முடியாமல் இருந்தால், மேலிருந்து இரண்டாவது குரலை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாருங்கள். மேலே சொன்ன கார்டில் அப்படி இறங்குவது மத்யமம். காந்தாரத்தோடு அதன் இடைவெளி விரிந்து கார்டு சாந்தமாகும்.

மேடை

கல்யாண ரிசப்ஷனில் ஒலியமைப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, ‘மெயின் சிங்கர் யாரு?’ மெல்லிசைக் கச்சேரி பழக்கம் அது. நான்கு பேரும்தான் என்று மரியாதையாகச் சொல்லி, ஒரே மாடல் கை மைக் நான்கு கேளுங்கள். நான்குக்கும் ஒரே கெயின் (மைக்கிலிருந்து எடுக்கும் ஒலியளவு), 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு (தாழ்ந்த ஆண் குரலான பேஸ் பாடகருக்கு 80 போதும்), எக்கோ வேண்டாம், குறைந்த ரிவர்ப் (அறை முழக்கம்). வாத்தியம் இல்லாமல் ஒரு நீண்ட கார்டு பாடி, அளவை நீங்களே குரலால் சமன் செய்யுங்கள். அதன் பின் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடி) ஒலியமைப்பாளர் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தூரம், நால்வருக்கும் அதே தூரம். ஒருவர் மட்டும் நெருங்கினால் அவர் குரலில் கீழ் ஒலி தடித்து, கலவை கெடும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தினால் ஃபீட்பேக் நிச்சயம்.

பணம்

ஜாஸ் கச்சேரியை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. ரிசப்ஷன், ஹோட்டல், கம்பெனி விழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல்கள், கோரஸ் கால்ஷீட், வகுப்பு எடுப்பது எல்லாம் சேர்ந்துதான் வருமானம். சொந்தக் கச்சேரிக்கு மார்கழியைத் தவிருங்கள். அரங்கமும் கிடைக்காது, ரசிகர்களும் சபாக்களில் இருப்பார்கள்.

45 நிமிடத்துக்குப் பத்துப் பதினோரு பாட்டு வேண்டும். இரண்டு செட் கையில் இல்லாமல் ஹோட்டலை அணுக வேண்டாம். பாதித் தொகை முன்பணம், ரத்தானால் திருப்பித் தரப்படாது, எத்தனை மணி நேரத்துக்குமேல் காத்திருந்தால் கூடுதல் தொகை என்பவை எழுத்தில் இருக்கட்டும். கம்பெனிகள் டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் தரும், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். செலவு போக மீதியில் பத்து சதவீதத்தைக் குழுக் கணக்கில் போட்டுவிட்டுச் சமமாகப் பிரிப்பது சண்டை குறைந்த வழி. மெட்டு பாடுபவருக்குக் கூடுதல் பங்கு கொடுத்தால் நடுக்குரல்காரர் சீக்கிரம் கிளம்பிவிடுவார்.

பாட்டை ஒலிப்பதிவு செய்து வெளியிடுமுன் காப்புரிமை பாருங்கள். இந்தியாவில் படைத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இசையமைத்தவர், பாடல் எழுதியவர் இருவரின் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

குழுவின் பெயர் யாருடையது, பாட்டை நான்கு குரலுக்குப் பிரித்து எழுதிய ஸ்கோர் யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆள் மாறுவது உறுதி. மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற அமெரிக்க ஜாஸ் குரல் குழுவில் 1979இல் லாரல் மாஸே இடத்துக்கு ஷெரில் பெண்டைன் வந்தார்; நிறுவனர் டிம் ஹவுசர் 2014இல் இறந்த பிறகும் குழு தொடர்ந்து பாடியது. ஒவ்வொரு குரலுக்கும் மூச்சுக் குறி, ‘ஸ்’ குறி, வெட்டும் இடம் எல்லாம் குறித்த பிரதியும் பயிற்சிக் கோப்பும் குழுவின் பொதுக் கணக்கில் இருந்தால், புதிதாக வருபவர் முதல் ஒத்திகைக்கே பாகம் தெரிந்து வந்து நிற்பார்.