கண்ணாடி விளிம்புக்கு வைரச் சக்கரம் தேர்ந்தெடுக்கும் முறை

வைரச் சக்கரம் வாங்குபவர்களில் பலர் வைரத் துகளின் பருமனைக் குறிக்கும் கிரிட் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்கிறார்கள். 4 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான ஃப்ளோட் கண்ணாடியின் விளிம்பை எட்ஜிங் மெஷினில் தீட்டும் பட்டறைக்கு, அந்த எண்ணைவிட, வைரத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

துகள் வெட்ட வெட்ட மழுங்கும். மழுங்கியது உதிர்ந்து, அடியிலுள்ள புதுத் துகள் மேலே வருவதற்கு ஏற்பப் பிணைப்பும் தேய்ந்துகொடுக்க வேண்டும். அது தேயாமல் இறுகி நின்றால் துகள் வெட்டுவதை விட்டுவிட்டு உரசத் தொடங்கும். சக்கரத்தின் முகம் மெருகேறிப் பளபளக்கும், மோட்டாரின் ஆம்பியர் ஏறும், விளிம்பில் சில்லு தெறிக்கும். அளவு மீறி மென்மையான பிணைப்பாக இருந்தாலோ வெட்டு சுகமாக இருக்கும், ஆனால் கூர் மழுங்காத வைரமும் சேர்ந்து உதிர்ந்துபோகும்.

மெஷினில் வரிசையாக வேலை செய்யும் சக்கரங்களில் முதலாவதற்கு, வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டு உருவாக்கிய உலோகப் பிணைப்பு பொருத்தமானது. 100/120 மெஷ் (துகளைச் சலிக்கும் சல்லடையின் எண்; எண் சிறிதானால் துகள் பெரிது), அதாவது ஐரோப்பியக் குறியீட்டில் டி151, இந்தத் தடிமன்களுக்குப் போதும். அடுத்து 170/200 மெஷ்ஷான டி91, அதன்பின் இன்னும் நுண்ணிய ரெசின் பிணைப்புச் சக்கரம், கடைசியாக சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் என்று வரிசை அமைய வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனக்கு முந்தியது விட்டுச்சென்ற காயத்தை முழுவதுமாக அகற்ற வேண்டும் என்பதே இந்த வரிசையின் அடிப்படை. அந்தக் காயமோ கண்ணுக்குத் தெரியும் கீறலோடு முடியாமல், மேற்பரப்புக்கு அடியிலும் நுண்விரிசலாக இறங்கியிருக்கும். வேகம் கூடும் என்று நம்பி ஒருமுறை முதல் இடத்தில் 80/100 மெஷ்ஷைப் பொருத்திவிட்டு, பின்னால் இருந்த சக்கரங்களை மாற்றாமல் விட்டேன். பாலிஷ் முடிந்த விளிம்பு நேராகப் பார்க்கையில் பளிச்சென்று இருந்தது. சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பியபோது வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தக் கண்ணாடிகளில் சில, சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவேற்றும் டஃபனிங் உலையில் உடைந்தன. டஃபன் செய்தபின் விளிம்பைத் தீட்ட முடியாது என்பதால், இந்தக் குறையை உலைக்கு முன்பே பிடித்தாக வேண்டும்.

செறிவை, அதாவது சக்கரத்தின் வைர அடுக்கில் எவ்வளவு வைரம் இருக்கிறது என்பதை, பற்றியும் ஒரு சொல். செறிவு 100 என்றால் அந்த அடுக்கின் ஒரு கன சென்டிமீட்டரில் 4.4 காரட் வைரம். 50 என்றால் அதில் பாதி. செறிவு கூடும்போது அழுத்தம் பல துகள்களுக்குப் பிரிந்துபோவதால், வலுக்குறைந்த மெஷினில் எந்தத் துகளும் ஆழமாகப் பதியாது. பழைய, ஆட்டம் கண்ட ஸ்பிண்டிலுக்கு (சக்கரத்தைத் தாங்கிச் சுழற்றும் தண்டுக்கு) விலையுயர்ந்த சக்கரம் வாங்கிப் பயனில்லை.

மின்முலாம் முறையில் ஒற்றை அடுக்கு வைரம் ஒட்டிய சக்கரங்கள் அபூர்வ வடிவங்களுக்கும் சில்லறை வேலைக்கும் மட்டுமே உரியவை.

150 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வேகம் நொடிக்குச் சுமார் 22 மீட்டர். கண்ணாடிக்கு இது ஏற்ற வேகம். தண்ணீர், சக்கரமும் கண்ணாடியும் தொடும் இடத்திலேயே விழ வேண்டும். அங்கே ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய ஒளிக்கோடு தென்பட்டால், சக்கரத்தைக் குறை சொல்வதற்கு முன் குழாயின் வாயைச் சரிபாருங்கள்.

கடைக்காரரிடம் விட்டம், உள்துளை ஆகியவற்றோடு மெஷினில் அது எத்தனையாவது ஸ்பிண்டில், கண்ணாடியின் தடிமன் என்ன, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓட்டுகிறீர்கள், மோட்டாரின் திறன் என்ன என்பனவற்றையும் சொல்லுங்கள். பிணைப்பின் கடினம் இவற்றை வைத்தே முடிவாகிறது. புதுச் சக்கரத்தைப் பொருத்தியதும், வெள்ளை அலுமினா டிரஸ்ஸிங் கல்லைத் தண்ணீரில் நனைத்து சக்கரத்தின் முகத்தில் தேய்த்து வைரத் துகள் வெளியே தெரியுமாறு திறந்துவிட்டு, முதல் சில மீட்டர்களை மெதுவாக ஓட்டி, அப்போதைய ஆம்பியரை மெஷின் மீதே எழுதி ஒட்டிவையுங்கள். அதே கண்ணாடி அதே வேகத்தில் ஓடும்போது ஆம்பியர் காட்டும் முள் அந்த எண்ணைத் தாண்டி நின்றால், மறுபடியும் கல்லை எடுக்க வேண்டும்.