போனும் கணினியும் ஒத்திசையவில்லையா? 'ரீசெட்' செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதுப் போன் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. "பழைய போனில் இருந்த எண்களில் பாதியைக் காணோம்." "பேத்தி பிறந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் எங்கே போயின?" "கடைக் கணினியில் போட்ட கணக்கு வீட்டுப் போனில் பழையதாகவே நிற்கிறது." மன்னார்குடியில் உரக்கடை வைத்திருப்பவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர், கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போகும் பெண் என்று யாராக இருந்தாலும் புகார் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனையும் ஒன்றுதான்: "ரீசெட் அடித்துவிடலாம்."

அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முழு ரீசெட் என்றால் போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்குவது; செய்தால் போனில் மட்டும் இருந்தவை திரும்ப வாரா. அது மட்டுமில்லை. ஆண்ட்ராய்டு போனை செட்டிங்ஸுக்குள் போகாமல், பொத்தான்களை அழுத்திப் பிடித்து அழித்தால், மீண்டும் தொடங்கும்போது முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. கணக்கும் தெரியாது, பழைய திரைப்பூட்டும் நினைவில்லை என்றால் சொந்தப் போனுக்கு வெளியே நாமே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் உள்ளதும், கணினியில் உள்ளதும், கூகுள் போன்ற நிறுவனத்தின் சேமிப்பில் உள்ளதும் ஒரே நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ஒத்திசைவு. அது தனியே எடுத்துவைக்கும் காப்புப் பிரதி அன்று. ஓர் ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பியாக வேண்டும்; இதுவும் அப்படித்தான். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும்.

கீழே மெனுப் பெயர்களை ஆங்கில ஒலிப்பிலேயே தருகிறேன். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அவை வேறு சொற்களாகத் தெரியும். நிறுவனத்துக்கு நிறுவனமும் சற்று மாறும். ஆனால் இடம் ஏறக்குறைய அதேதான்.

படி 1: எந்தக் கணக்கு?

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். ஒத்திசைவுப் புகார்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள சிறு வட்டத்தைத் தொடுங்கள். எந்த ஜிமெயில் முகவரி என்று தெரியும். பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால், போனில் இருக்கும் மற்றக் கணக்குகளும் வரும். பழைய போனிலும் இதையே செய்து, இரண்டையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்தோ எண்ணோ கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பக்கத்தில் பலருக்கும் போன் வாங்கிய அன்று கடையிலேயே அவசரமாக ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார்கள். அடுத்த போனுக்கு இன்னொன்று. இப்படி மூன்று கணக்குகள் சேர்ந்து, எண்கள் ஒன்றிலும் படங்கள் ஒன்றிலும் வாட்ஸ்அப் காப்பு மற்றொன்றிலும் கிடக்கும். எதுவும் தொலையவில்லை, நாம் வேறு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழைய கணக்கைப் புதுப் போனில் சேர்க்க: செட்டிங்ஸ், அதில் 'அக்கவுண்ட்ஸ்' அல்லது 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ்', அதில் 'ஆட் அக்கவுண்ட்'. கடவுச்சொல் தெரியவில்லை என்றால் பழைய போனை விற்றுவிடாதீர்கள். அதில் கணக்கு உள்ளே நுழைந்த நிலையில் இருக்கும்போது கடவுச்சொல்லை மாற்றுவது எளிது. விற்ற பிறகு பெரும்பாடு. மாற்றிய கையோடு, மீட்பு எண்ணாக இப்போது கையில் இருக்கும் சிம்மின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: இடம் இருக்கிறதா?

ஒரு கூகுள் கணக்குக்கு 15 ஜி.பி. இலவசம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றப்படும் படங்கள் எல்லாம் இதில் கணக்கு வைக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்பும் இப்போது இதற்குள்தான் வருகிறது. நிறைந்துவிட்டால் படம் ஏறுவது நிற்கும், மின்னஞ்சல் வருவதும் நிற்கும். வங்கியிலிருந்து மின்னஞ்சலே வரவில்லை என்று வங்கியைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுடில் 5 ஜி.பி.தான் இலவசம்.

கூகுள் ஒன் செயலியில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியும். பெரிய வீடியோக்களிலிருந்து தொடங்குங்கள். கோயில் திருவிழாவை முக்கால் மணி நேரம் எடுத்த ஒரே வீடியோ, ஆயிரம் படங்களின் இடத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

படி 3: தேதி, இணையம், பேட்டரி

தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே உருவாகாது. செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் தானியங்கி முறையில் வையுங்கள்.

பேட்டரி சேமிப்பு முறை இயங்கினால் பின்னணியில் ஒத்திசைவு நடக்காது. சில நிறுவனங்களின் போன்கள் இதில் மிகக் கறாரானவை. திரை அணைந்ததுமே செயலியை நிறுத்திவிடும். அந்தச் செயலியை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ', அதில் 'பேட்டரி', அதில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். போட்டோஸ் செயலி வைஃபை கிடைத்தால் மட்டுமே ஏற்றும்படியும் இருக்கலாம். வீட்டில் வைஃபையே இல்லாதவர் அந்த அமைப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

தொடர்பு எண்கள்

எண்கள் மூன்று இடங்களில் இருக்கலாம்: சிம்மில், போனில், கூகுள் கணக்கில். மூன்றாவதில் இருப்பவை மட்டுமே புதுப் போனுக்குத் தாமாக வரும். சிம்மை நம்பாதீர்கள். அதில் இடம் குறைவு. நீளமான தமிழ்ப் பெயர்களை வெட்டிவிடும். 'வலங்கைமான் நாற்று முருகேசன்' என்று பதிந்தது 'வலங்கைமா' என்று நிற்பது அதனால்தான்.

கூகுளின் கான்டாக்ட்ஸ் செயலியை நிறுவி, செட்டிங்ஸில் 'இம்போர்ட்' சென்று சிம்மைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கணக்கில் சேர்க்க என்று கேட்கும்போது, படி 1-இல் எழுதி வைத்த கணக்கைக் காட்டுங்கள். போனில் மட்டும் இருப்பவற்றுக்கு அதே செட்டிங்ஸில் 'ஆல்சோ சிங்க் டிவைஸ் கான்டாக்ட்ஸ்' என்ற அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். கடைசியாக, புதிய எண்கள் சேரும் இயல்பான இடமாகவும் அதே கணக்கை வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் பழைய குழப்பம் திரும்பி வரும்.

எண்களைத் தவறுதலாக மொத்தமாக அழித்துவிட்டால் பதற வேண்டாம். கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, பற்சக்கரக் குறிக்குள் 'அன்டு சேஞ்சஸ்' என்பதை அழுத்துங்கள். 30 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். ஆனால் எண்கள் கூகுள் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.

படங்கள்

குறுவை அறுவடை வந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். பலரும் அவற்றைப் படமாகப் போனில்தான் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். சிக்கலே அங்கேதான். போட்டோஸ் செயலி கேமராவில் எடுத்த படங்களைத் தானாக ஏற்றும். வாட்ஸ்அப் கோப்புறையை நீங்கள் சொன்னால்தான் ஏற்றும். வலது மேல் வட்டம், 'போட்டோஸ் செட்டிங்ஸ்', 'பேக்கப்', அதில் 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்'. வாட்ஸ்அப் இமேஜஸ் கோப்புறையை இயக்குங்கள். நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களும் சேர்ந்து ஏறும். அதை விரும்பாதவர்கள் ஆவணப் படங்களை மட்டும் டிரைவில் தனிக் கோப்புறையில் போடுங்கள். நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

போனில் இடமில்லை என்பதற்காகப் போட்டோஸ் செயலியில் படங்களைத் தேர்ந்தெடுத்து அழிக்காதீர்கள். காப்பில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். அதற்கென்று 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும். தவறி அழித்தவை, காப்பில் ஏறியவையாக இருந்தால் 60 நாளும், ஏறாதவையாக இருந்தால் 30 நாளும் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

வாட்ஸ்அப்

புதுப் போனில் உரையாடல்கள் திரும்ப வர, அதே தொலைபேசி எண்ணும் காப்பு வைத்த அதே கூகுள் கணக்கும் வேண்டும். பழைய போனில் செட்டிங்ஸ், 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' சென்று இன்றைய தேதியில் காப்பு எடுத்த பிறகே செயலியை நீக்குங்கள். கணினியில் இணைத்த வாட்ஸ்அப் அடிக்கடி வெளியேறுகிறது என்பார்கள். போனில் 14 நாளுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் அப்படித்தான் ஆகும்.

இனி கணினி

முதலில் 'ரீஸ்டார்ட்'. 'ஷட்டவுன்' செய்து மீண்டும் போடுவது அதற்கு ஈடாகாது. விரைவாகத் தொடங்குவதற்காக விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஷட்டவுன் செய்தாலும் பழைய கோளாறு அப்படியே எழுந்து வரலாம். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

கணினியின் தேதி ஒவ்வொரு நாள் காலையிலும் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கிறதா? இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கின்றனவா? மேசைக் கணினியாக இருந்தால் உள்ளே சி.ஆர்.2032 என்ற வட்டமான சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். இரவில் மெயினையே அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் இது அதிகம் நடக்கிறது. விலை மலிவு. யாரும் விண்டோஸை மாற்ற வேண்டும் என்று சொன்னால், முதலில் இதை மாற்றிப் பாருங்கள்.

கணினி விண்டோஸ் 7-இல் ஓடுகிறது என்றால் கதை வேறு. 2023 பிப்ரவரியோடு குரோம் அதைக் கைவிட்டுவிட்டது. அங்கே அமைப்புகளைக் கிளறி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்கு மாறுவதுதான் வழி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தனிக் கதை. புதுக் கணினியில் பலரும் கவனிக்காமலே 'சரி' அழுத்திவிடுவதால், டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அதற்குள் போய்விடுகின்றன. இலவச இடம் 5 ஜி.பி.தான், சீக்கிரம் நிறையும், கோப்புகள் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும். எரிச்சலில் அதை நிறுத்தினால் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து, அதற்குள் இருக்கும் டெஸ்க்டாப் என்ற கோப்புறையைப் பாருங்கள். அங்கிருந்து வேண்டியதை வெளியே நகலெடுத்துக்கொள்ளலாம்.

கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது கணினியில் இல்லை என்று பொருள். இணையம் இருந்தால்தான் திறக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் எத்தனை நாள் இல்லாமல் கிடந்தோம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். முக்கியக் கோப்புறைமேல் வலது பொத்தானை அழுத்தி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்று வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அதன் நகல் ஒன்றைப் பென் டிரைவிலும் போட்டுவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியில் சாய்கோடு, நேரத்தில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. சிறுகோடு போதும்.

தமிழ் எழுத்து குழம்பித் தெரிந்தால்

இது ஒத்திசைவுக் கோளாறே அன்று. ஆனால் அப்படித்தான் என்னிடம் வருகிறது. அச்சகத்திலோ பத்திரம் எழுதுபவரிடமோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, போனில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அந்த எழுத்துரு போனில் இல்லை, அவ்வளவுதான். படிக்க மட்டும் வேண்டுமென்றால், தட்டச்சு செய்த கணினியிலேயே பி.டி.எஃப். ஆகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். திருத்தவும் வேண்டுமென்றால், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வேர்டில் எழுத்துருவின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருளில் அதே வகையைத் தேர்ந்தெடுங்கள். வகை தவறினால் ஒரு குழப்பம் போய் இன்னொரு குழப்பம் வரும். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

கணக்கை நீக்கி மீண்டும் சேர்க்கலாம். ரீசெட்டைவிட இது எவ்வளவோ மேல். அதற்கு முன் இரண்டு வேலைகள். கணினியில் அதே ஜிமெயிலில் நுழைந்து பாருங்கள். நுழைய முடியாவிட்டால் நீக்காதீர்கள். உள்ளே போனதும் கான்டாக்ட்ஸ் பக்கத்தில் மொத்தம் எத்தனை எண்கள் என்று காட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனில் 'ரிமூவ் அக்கவுண்ட்', ரீஸ்டார்ட், மீண்டும் 'ஆட் அக்கவுண்ட்'.

இந்த இடைவெளியில் உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக்கொண்டு, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கணக்கைச் சேர்த்த பிறகு போனைச் சார்ஜில் போட்டு, நல்ல இணைப்பில் ஓர் இரவு விடுங்கள். காலையில் தொடர்பு எண்களின் எண்ணிக்கை, குறித்து வைத்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கான்டாக்ட்ஸ் செயலியில் வேறு கணக்கு தேர்வாகியிருக்கிறதா என்று மீண்டும் படி 1-க்குப் போங்கள்.